வழி விடாத சந்து

"பிடி, பிடி! சாயுது!"

பெனில்டா கத்தியதும் எல்மர் நாற்காலியின் முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நாற்காலியில் ரொவேனா. அவன் மனைவி, பெனில்டாவின் தங்கை. நிறைமாதம். பனிக்குடம் உடைந்து அரைமணி நேரமாகிவிட்டது. சந்தின் சிமென்ட் தரையில் அவர்கள் வந்த வழி நெடுக ஈரக்கோடு.

"அக்கா, இங்கேயே பொறந்துடும்போல இருக்கு."

"பொறக்காது. உன் பிள்ளை உன்னைமாதிரியே சோம்பேறி. குறுக்கே படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

வலியிலும் ரொவேனாவுக்குச் சிரிப்பு வந்தது. பெனில்டாவுக்கு வரவில்லை. குறுக்கே கிடக்கும் குழந்தையை வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று மருத்துவச்சி போன வாரமே சொல்லியிருந்தாள். தாமதித்தால் இரண்டு உயிரும் போய்விடும். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டில் நின்றபடி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரம்தான். நடுவில், நோய்க்குப் பயந்து சந்துக்காரர்களே கட்டிய ஒரு மூங்கில் தடுப்பு.

தடுப்புக்கு முன்னால் சந்தே திரண்டு நின்றது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். எல்லாம் பெனில்டா பிறந்ததிலிருந்து பார்த்த கண்கள்.

"நீ எப்படிடி உள்ள வந்த?" முன்னால் நின்ற பாசிங் கேட்டாள். சந்து முனையில் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் தெர்யோதான் இந்தச் சந்தில் முதலில் இருமியவர். அவருக்குப் பிறகு நாலு வீட்டில் காய்ச்சல்.

"கால்வாய்ல இறங்கி வந்தேன் பாசிங்கக்கா. வழி விடுங்க, அப்புறம் திட்டுங்க."

"கால்வாயையும் கெடுத்தாச்சா!" பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

பெனில்டா கொரோனா வார்டில் உதவியாள். படுக்கை மாற்றுவது, ஊட்டுவது, துடைப்பது அவள் வேலை. தெர்யோ படுத்த மறுநாளே அவள் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி விழுந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில்தான் தூக்கம். பரிசோதனையில் தனக்கு ஒன்றுமில்லை என்று வந்ததைப் போனில் படம் எடுத்துச் சந்துக்காரர்களுக்கு அனுப்பிப் பார்த்தாள். 'உங்க ஆஸ்பத்திரி, உங்க சீட்டு, நீங்க எதை வேணும்னாலும் எழுதிக்குவீங்க' என்று பதில் வந்தது.

"தெர்யோ அண்ணனுக்கு இன்னிக்குக் காலையில கஞ்சி ஊட்டினது நான்தான்கா. பாதிக் கிண்ணம் குடிச்சார். உங்களைத்தான் கேட்டார்."

பாசிங்கின் கண் ஒரு கணம் நனைந்தது. அடுத்த கணம் காய்ந்துவிட்டது.

"கொடுத்தவளே கஞ்சியும் ஊட்டுறியா? நீ யூனிபார்மோட வந்து என் கடையில ரொட்டி வாங்கினியே, அப்ப கொடுத்ததுதானே அது?"

ரொவேனா நாற்காலிக் கையை இறுகப் பற்றி ஓலமிட்டாள். தெருநாய் ஒன்று பயந்து ஒதுங்கியது. மனிதர்கள் அசையவில்லை.

அந்தப் பகுதி ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரான வார்டு கேப்டன் ஒதுங்கி நின்று தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான். ஆனால் தேர்தலை நினைக்காமல் அவரால் தும்மக்கூட முடியாது.

"புள்ளத்தாச்சியை நிறுத்தி வைக்கிறது பாவம். ஆனா ஜனங்க பயத்துக்கும் ஒரு வழி வேணுமில்ல? பெனில்டா, நீ ஒண்ணு செய். நோயை நான்தான் கொண்டு வந்தேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிடு. இனிமே இந்தச் சந்துப்பக்கம் வரமாட்டேன்னும் சொல்லு. தடுப்பைத் தூக்கச் சொல்றேன்."

"நான் கொண்டு வரல கேப்டன்."

"அப்ப யாரு கொண்டு வந்தா? காத்தா?"

பெனில்டா எல்மரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஒரே ஆண்பிள்ளை, இவனாவது இரண்டு வார்த்தை பேசக்கூடாதா? அவன் உதடு கவசத்துக்குள் அசைந்தது. சத்தம் வரவில்லை. குனிந்து மனைவியின் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

'இவனும் நம்பறான்' என்று பட்டது பெனில்டாவுக்கு. பாசிங் பேசிய பேச்செல்லாம் சேர்ந்தும் அந்த அளவுக்கு வலிக்கவில்லை.

ரொவேனாவின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. பெனில்டா நாற்காலியை இறக்கி வைத்தாள். நாலைந்து போன்கள் அவள் முகத்துக்கு நேராக உயர்ந்தன.

"நான்தான் கொண்டு வந்தேன்."

"கேக்கல. சத்தமா!"

"நான்தான் நோயைக் கொண்டு வந்தேன்! தெர்யோ அண்ணனுக்கு நான்தான் கொடுத்தேன்! இனி இங்க வரமாட்டேன்! போதுமாடா, பாவிங்களா?"

போதவில்லை. வயலுக்கு மருந்தடிக்கும் பம்ப்பை முதுகில் மாட்டிய ஒருவன் முன்னால் வந்தான். பெனில்டா தன் சட்டையைக் கழற்றித் தங்கையின் முகத்தை மூடினாள். பனியனோடு நின்றவள்மேல் குளோரின் தண்ணீரைப் பீய்ச்சினான். கண் எரிந்தது, மூக்கு எரிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மூங்கில் மேலே எழும்பியது.

அதற்குமேல் எல்லாம் ஓட்டம். ஆம்புலன்ஸ், சைரன், ஸ்ட்ரெச்சர், மூடிக்கொண்ட கதவு.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. ஆண் குழந்தை. தாய்க்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், பயமில்லை என்றாள் நர்ஸ். அந்த வீடியோ அதற்குள் அவளுக்கும் வந்திருக்க வேண்டும். பெனில்டாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வராந்தா பெஞ்சில் எல்மர் சுருண்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது.

"அழாதேடா. பிள்ளை நல்லாருக்கான். நான் வேற ஊர்ல வீடு பாத்துக்கறேன்."

"அக்கா, நீங்க என்னை அடிக்கணும்."

"எதுக்கு? வாயத் திறக்காம நின்னதுக்கா? விடு."

"எனக்குப் பத்து நாளா எந்த வாசனையும் தெரியல அக்கா. மீன், கருவாடு, எதுவும். ரொவேனாகிட்ட சொல்லாம, இடுப்பு வலின்னு பின்னாடி ஷெட்ல படுத்துக்கிட்டேன்."

"உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு?" என்றாள் பெனில்டா.

"பாலயான் ஊர்ல என் மாமா செத்துட்டார். சவத்தைப் பாக்க யாரும் வரக்கூடாதுன்னு போலீஸ் உத்தரவு. திருட்டுத்தனமா வச்சிருந்தாங்க. மாரடைப்புன்னுதான் சொன்னாங்க, நான் போய் மூணு நாள் கூடவே இருந்துட்டு வந்தேன். வயித்துப் பிள்ளைக்காரி வீட்ல இருக்கா. சாவு வீட்லேருந்து நேரா வந்தா சாவும் கூடவே உள்ள நுழையும். இன்னொரு இடத்துல உக்காந்து எழுந்து, அதை உதறி விட்டுட்டுத்தான் வீட்டுக்கு வரணும். நம்ம ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே? அதைத்தான் அக்கா நானும் செஞ்சேன்."

"எங்கடா உக்காந்த?"

எல்மர் நிமிரவில்லை.

"பாசிங்கக்கா கடையில. தெர்யோ அண்ணன் பன்சித் நூடுல்ஸ் கொண்டு வந்தார். ஒரே தட்டுல சாப்பிட்டோம்."