மைதீன் பாத்திமா வீட்டுக் கொசு

கறுப்புக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் பின்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, தண்ணீர் முழுக்கச் சாக்கடையில் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் ஜெபராணிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "கவுத்தா மட்டும் போதாது லாத்தா, நார் போட்டுத் தேய்க்கணும், சரியா?" என்று மைதீன் பாத்திமாவிடம் வழக்கமான பிரசங்கத்தையும் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தத் தெருவை முடித்து அடுத்த தெருவையும் முடித்தாள். மேலப்பாளையம் சந்தை முக்குக் கடையில் நன்னாரி சர்பத்தை வாயில் வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஏசப்பா, அது நாம் வைத்த கோப்பையல்லவா!

கையைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. மாநகராட்சியின் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்த நாளிலிருந்து, தேங்கிய தண்ணீரைக் கண்டால் கவிழ்ப்பதுதான் அந்தக் கையின் பிழைப்பு. சிரட்டை, டயர், உடைந்த ஆட்டுரல், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு என்று எதையும் அது விட்டுவைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் போதகர் ஐயர் தேவசெய்தி கொடுத்துக்கொண்டிருக்கும்போது இவள் கண் பீடத்துப் பூச்சாடிக்குள் புழு நெளிகிறதா என்று பார்க்கும். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரைக் கொட்டி, பெரிய ரகளையே ஆகிவிட்டது. தெருவில் பெயரே கொசுக்காரம்மா.

ஆனால் இந்தக் கோப்பை வேறு சமாச்சாரம். கல்லூரியில் கொசு ஆராய்ச்சி செய்கிற மஹாலக்ஷ்மி மேடம் கேட்டுக்கொண்டதால், ஜெபராணியே போன வாரம் மைதீன் பாத்திமா வீட்டுப் பின்கட்டில் அவளிடம் விவரம் சொல்லாமல் கொண்டுபோய் வைத்தது. உள்ளே வெள்ளைத் துணிப் பட்டை சுற்றி, பாதிவரைக்கும் தண்ணீர் ஊற்றி, கொசு வந்து முட்டையிடட்டும் என்று வைத்த கோப்பை. கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி என்று அன்றைக்கு மேடம் சிரித்தாள்.

காரணம் இதுதான். போன மழைக்காலத்தில் அந்த வீட்டில் பிடித்த டெங்குக் கொசுக்களை அரைத்துச் சோதித்தபோது, அவற்றின் உடம்புக்குள் ஒரு நுண்ணுயிர் இருப்பதற்கு அடையாளம் தெரிந்தது. யாரும் ஏற்றிவிட்டதல்ல, தானாகவே இருந்தது. "அது மனுசங்கள ஒண்ணும் செய்யாதுக்கா. ஆனா அது குடியிருக்க கொசுவுக்குள்ள டெங்கு வளர முடியாமத் திணறும். தாய்க்கொசுட்ட இருந்து முட்டைக்குப் போவும், அதுட்ட இருந்து அடுத்த முட்டைக்கு. வெளியூருல இதக் கொசுவுக்குள்ள ஊசியால ஏத்தி, வளத்து விடுதாங்க. நம்ம ஊருல தானாவே இருக்குன்னா…" என்று மேடம் சொல்லி முடிக்காமலே நிறுத்திக்கொண்டாள். படித்த பெரிய ஆட்கள் நம்பவில்லை. சோதனைக் குழாயில் அழுக்கு பட்டிருக்கும், அதே வீட்டுக் கொசுவை உயிரோடு வளர்த்து, அதன் பிள்ளைக்கும் இருக்கிறதா என்று காட்டு என்றுவிட்டார்கள். அரைத்த கொசுவை எப்படி வளர்ப்பது? அதற்குத்தான் இந்தக் கோப்பை. அதிலும் அந்தத் தெருவில் ஒரு காய்ச்சல் கேஸ் வந்து, நாளைக் காலையில் புகை மருந்து அடிக்க வண்டி வருகிறது. அடித்துவிட்டால் அங்கே கொசுவும் மிஞ்சாது, நிரூபிக்க நாதியும் இருக்காது.

ஜெபராணிக்கு இது மேடத்தின் ஆராய்ச்சி மட்டுமில்லை. மகள் ஸ்டெபி போன வருஷம் டெங்குவில் விழுந்து எழுந்தவள். ஊரார் வீட்டுத் தொட்டியையெல்லாம் கவிழ்த்தவள் பெற்ற பிள்ளை, கண் மேலே செருக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது. அந்த வெட்கமும் பயமும் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. இன்னொரு வகை டெங்கு இரண்டாம் தடவை வந்தால் ஆபத்து கூடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் ஸ்டெபியைக் கொசுவலைக்குள் தள்ளி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுத்தான் மறுவேலை. "பகல்ல கடிக்க கொசுவுக்கு ராத்திரி வல கட்டி என்னம்மா பிரயோசனம்?" என்று அந்தக் குட்டி கேட்கும். கேட்கட்டும். கவிழ்க்கலாம், செருகலாம். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய முடியும் என்று இருந்தவளுக்கு, மேடம் பாதியில் நிறுத்திய அந்தப் பேச்சுதான் வாராது வந்த நம்பிக்கை. அதைத்தான் தன் கையாலேயே சாக்கடையில் ஊற்றியிருக்கிறாள்.

போன் போட்டுச் சொன்னபோது மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துணியைப் பற்றித்தான் கேட்டாள்.

"யக்கா, தண்ணி போனாப் போவுது. துணி எங்க? முட்ட துணியிலல்லா ஒட்டியிருக்கும். காஞ்சாலும் சாவாது."

காய்ந்தாலும் சாகாது என்பது ஜெபராணிக்குத் தெரியாதா? அதனால்தானே நார் போட்டுத் தேய்க்கச் சொல்லி வீடு வீடாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள். சொன்னதைக் காதில் வாங்காத வீடு தெருவுக்குப் பத்து இருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரே வீடு மைதீன் பாத்திமா வீடு. சர்பத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

மைதீன் பாத்திமா முறம் போன்ற சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பின்கட்டுச் சுவரில் கறுப்புக் கோப்பை தேய்த்துக் கழுவி, பளபளவென்று வெயிலில் கவிழ்ந்திருந்தது. ஜெபராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா மூச்சு வாங்குது? நீ சொன்னாப்புல நார் போட்டுத் தேச்சிட்டேன், பாத்தியா?"

"உள்ள ஒரு துணி கெடந்துச்சே லாத்தா. அதயும் துவச்சிட்டீங்களா?"

"அந்தப் பட்டையா? துவைக்கல. கறை பிடிச்சாப்புல இருந்துச்சு, ஆனா நல்ல கெட்டித் துணி. அன்னா, எலக் கட்டக் கட்டி வச்சிருக்கேன்."

மூலையில் பீடி இலைக் கட்டின் இடுப்பைச் சுற்றி அந்தப் பட்டை முடிச்சுப் போட்டிருந்தது. ஜெபராணி முட்டிபோட்டுப் போய்க் குனிந்து பார்த்தாள். துணியின் நடுவே கோடு போட்டதுபோல, மிளகுத்தூள் சிந்தியதுபோல, சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் மைதீன் பாத்திமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? கொசுவ வளக்கப் போறியா? ஒம்மவ காய்ச்சல்ல கெடந்தப்போ நான் தொழுதுட்டு எத்தன துஆ கேட்டேன் தெரியுமா? வருசம் பூரா கொல்லு கொல்லுன்ன. இப்ப முட்டையத் தாங்குத. நான் எதத்தான் நம்புதது?"

மேடம் சொன்னதை ஜெபராணி தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். "நானும் கவுத்துக் கவுத்துப் பாத்துட்டேன் லாத்தா. கவுத்தும் எம்பிள்ளைக்கு வந்துச்சு. இது கொசுவுக்குள்ளயே ஒரு காவலு. உம்மாட்ட இருந்து பிள்ளைக்குப் போவுமாம். உண்டா இல்லையான்னு இனிமேதான் தெரியும். இல்லாமயும் போவலாம்."

மைதீன் பாத்திமா இலையை வெட்டியபடியே யோசித்தாள். பிறகு முகத்தில் ஒரு சந்தேகச் சிரிப்பு வந்தது. "அப்ப ஊருலயே எங்க வீட்டுக் கொசுதான் நல்ல கொசுன்னு சொல்லுத?"

"இருக்கலாம்ங்காங்க."

"பொறவென்ன, எங்க வாப்பா வாங்குன வீடுல்லா." எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்ந்த இலைகள் தரையில் சரிந்ததை அவள் பார்க்கவேயில்லை. பட்டையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொடுத்தாள். "பைய, பதனமாக் கொண்டு போ. வெயில் படாம போ."

மறுநாள் காலையில் புகை வண்டி கடகடவென்று தெருவைச் சுற்றி வந்தது. மைதீன் பாத்திமா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்று, ஜெபராணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அடிக்கட்டும், நம் கொசு கல்லூரிக்குப் படிக்கப் போயிருக்கிறது என்கிற மாதிரி இருந்தது.

வேலை முடிந்து ஜெபராணி கல்லூரிக்குப் போனபோது, துணிப் பட்டை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீருக்குள் கிடந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. மனசு விட்டுப்போகப் பார்த்தது. அப்புறம் ஓரத்தில் நூல் துணுக்கு போல ஒன்று நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்க்கப் பார்க்கத் தட்டு முழுக்க நெளிந்தது.

"இன்னும் ஒண்ணும் உறுதி இல்லக்கா," என்றாள் மேடம். சொல்லிக்கொண்டே தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். "இதுங்க வளரணும், முட்ட போடணும், அந்தப் பிள்ளைங்களயும் பாக்கணும்."

ஜெபராணியின் கை தட்டின் விளிம்புக்குப் போனது. "யக்கா!" என்று மேடம் பதறிவிட்டாள். இந்தக் கையை யார்தான் நம்புவார்கள்?

கை அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு மேசையில் கிடந்த வலைத் துணியை எடுத்து, தட்டின் மேல் விரித்து, நாலு பக்கமும் இழுத்து, ஓரங்களைத் தட்டுக்கு அடியில் பையச் செருகியது. எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று ஜெபராணி குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே ஒரு புழு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கீழே போனது.