முந்திக் கொடுக்காத பால்

தராசில் கிடந்த என் மகள் அழவில்லை. பதினோரு நாள் குழந்தை, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், சில்லென்ற தட்டில் படுத்திருக்கிறாள். ஊரைக் கூட்ட வேண்டாமா? ஒரு சிணுங்கல்கூட இல்லை. எனக்கு அதில் பெருமை வேறு. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, "பாத்தீங்களா, எவ்ளோ சமத்து!" என்றேன். அப்படிச் சொன்ன வாயில் நானே நாலு போடலாம் என்று பிறகு எத்தனையோ தடவை தோன்றியது.

நர்ஸ் அவளைத் தூக்கிவிட்டு, தராசைச் சரிபார்த்து, மறுபடி போட்டாள். இரண்டு கிலோ ஐந்நூற்று அறுபது. பிறந்தபோது இரண்டு தொள்ளாயிரம். டாக்டர் குழந்தையின் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தார், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். "வேற கோளாறு ஒண்ணும் தெரியல. பால் பத்தல. வெள்ளிக்கிழமை மறுபடி எடை பாக்கலாம். ஏறலைன்னா இங்கயே சேத்துக்கணும், மூக்குல குழாய் போட்டுத்தான் பால் குடுக்கணும்" என்றார். அன்று செவ்வாய். பதினைந்து வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு மூக்கில் குழாய்.

பக்கத்து அறையில் நர்ஸ் எங்களை உட்கார வைத்து, "எப்பெப்ப பால் குடுக்குறீங்க அக்கா?" என்று கேட்டாள். நான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அட்டை. ஏழே கால், பத்தே கால், ஒன்றே கால் என்று வரிசையாக. ஒரு கட்டத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பதினாறு வருஷமாக நான் விசில் ஊதினால்தான் வண்டி நகரும். எங்கள் தொழிலில் தாமதமாகக் கிளம்பினால் ஒரு மெமோவோடு போய்விடும். முந்திக் கிளம்பினால்தான் பெரிய குற்றம். ஒரு வண்டி ஐந்து நிமிஷம் முந்தினால், பின்னால் வருகிற அத்தனையும் கலைந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடு என்று யாரோ சொன்னார்கள். மிச்சத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன்: முந்திக் கொடுக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் வீல் வீலென்று கத்தினாள். "பசிக்குது போலிருக்கேம்மா" என்றார் வீட்டுக்காரர். "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன். அவரும் எங்கள் டிப்போ டிரைவர்தான். என் விசிலுக்குக் காத்திருந்தே பழகிய மனுஷன். மறுபேச்சு பேசாமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். விரல் சூப்பப் பழகிவிடுவாள் என்று கையுறை மாட்டிவிட்டேன். ஏழாம் நாள் அழுகை நின்றது. "ஒரே வாரத்துல லைனுக்கு வந்துட்டா!" என்று அவர் கைதட்டினார். நானும் சிரித்தேன்.

இதையெல்லாம் கேட்ட நர்ஸ் சிரிக்கவில்லை. அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "அழறதெல்லாம் கடைசிதான் அக்கா. அதுக்கு முன்னாடியே கேட்டிருப்பா. வாயத் தொறப்பா, நாக்க நீட்டுவா, தலையத் திருப்பித் திருப்பித் தேடுவா, கையக் கொண்டுபோய் வாயில வெப்பா." பேசிக்கொண்டே, நான் மறுபடி மாட்டிவிட்டிருந்த இரண்டு கையுறையையும் உருவிப் போட்டாள்.

"இப்ப ஏன் அழ மாட்டேங்குறா?" என்று அவர் கேட்டார்.

"தெம்பு இல்லண்ணா. கேட்டுக் கேட்டு ஓஞ்சு போச்சு."

"இனிமே அவளா கேக்கட்டும்னு இருக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல தூங்க விடாம நீங்களே எழுப்பிக் குடுங்க. அப்புறம் கொஞ்சம் பீய்ச்சி ஸ்பூன்ல விடுங்க. வெறும் நெஞ்சு மேலயே போட்டு வச்சுக்கங்க. நடுவுல எப்ப வாயத் தொறந்தாலும் குடுங்க. இப்பதானே குடிச்சான்னு பாக்காதீங்க" என்றாள்.

அப்படியே செய்தேன். உள்ளங்காலைச் சுரண்டி, ஈரத்துணியால் முகம் துடைத்து எழுப்புவேன். நாலு வாய் குடிப்பாள், தூங்கிவிடுவாள். ஸ்பூனில் விட்டால் விழுங்குவாள். புதனன்று மூத்திரத்தில் நாலு துணி நனைந்தது, வியாழன் காலைக்குள்ளேயே மூன்று; பால் உள்ளே இறங்குகிறது என்று தெரிந்தது. ஆனால் அவளாகக் கேட்கவில்லை. நெஞ்சில் கிடந்தபடி, என் முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். இவளிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று பதினோரு நாளில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடுமா? கட்டியிருந்தால் யாரைக் குறை சொல்வது?

"பச்சப்புள்ளைக்கு மெமோ குடுத்தவ நானுன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்களேன்" என்று அவரிடம் பாய்ந்தேன். அவர் திருப்பிப் பாயவில்லை. "தூக்கிட்டு நடந்தது நான்தானே? தோள்ல என் சட்டையப் புடிச்சு சப்பிக்கிட்டே இருந்துச்சும்மா. எச்சில்னு தொடச்சு தொடச்சு விட்டேன்" என்றார். பதினாலு டன் வண்டி ஓட்டுகிற ஆள், துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

வியாழன் மத்தியானம் அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். குழந்தையைப் பாயில் விட்டு, குளியலறைக் கதவைத் திறந்து வைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் உதடு குவிகிறது. நாக்கு நுனி வெளியே வந்து போகிறது. தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம். முஷ்டி கன்னத்தில் இடித்து வாயைத் தேடுகிறது. எழுந்தேன். கை முழுக்க சோப்பு. கழுவி, சேலையில் துடைத்து ஓடுவதற்குள் வாய் மூடிக்கொண்டது.

"வந்துட்டேன்டி தங்கம். பாத்தேன்டி, பாத்துட்டேன்" என்று மண்டி போட்டேன்.

முகம் சுருங்கியது, சிவந்தது. பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு கத்தல்! நாற்காலியில் இருந்தவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். மார்பில் வைத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறாள். வாயில் காம்பு, பால் கன்னத்தில் வழிகிறது, அவளோ தலையை உதறி உதறிக் கத்துகிறாள். "திட்டுடி. நல்லாத் திட்டு" என்றேன். எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மூச்சு வாங்கி, விக்கி, கடைசியில் கவ்விப் பிடித்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தன. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் அந்த அறைக்கே கேட்டது. அவர் கிட்ட வந்து குனிந்து நின்றார். என் மார்பின் மேல் அவளுடைய சின்ன முஷ்டி இருந்தது, விரல் கணுவெல்லாம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கி மூடியபடி.