மேல் வரிசையில் ஒரு முக்காடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. 2009இல் டெக்சாஸ் காப்பெலில் ஒரு நிக்காஹ் விருந்து. பிரியாணி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஷம்சாத் கொடுத்தது. நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்தாள். பூர்வீகம் நாகூர். நான் பக்கத்து நாகப்பட்டினத்துக் கடைத்தெருவில், பேரம் பேசாமல் தண்ணீர்கூடக் குடிக்காத ஜவுளிக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவன். அவள் அண்ணனோடு படித்ததால் என்னையும் ‘நானா’ என்பாள். அண்ணன் என்று பொருள்.

“எழுதுங்க நானா. எம்பேரை மாத்தாதீங்க. அவர் பேரை வேணும்னா மாத்திக்குங்க.”

பாயசத்தின்போது அவள் கணவர் நூர் முகம்மதுவைப் பிடித்தேன். “தாராளமா எழுதுங்க. ஆனா அவ சொன்ன முடிவை எழுதிடாதீங்க. அது பொய்.”

ஒரே துணிக்கு இரண்டு பேர் இரண்டு தரம் சொல்கிறார்கள். எனக்கு அப்போதே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘2002 ஆகஸ்ட். நியூ ஜெர்சியின் மாலை வானம் அதிர முரசுகள் முழங்க, விண்மீன் பதித்த கொடி விண்ணை அளாவி—’

[நிறுத்திவிட்டேன். கடை வாசலில் பட்டுப்புடவை கட்டி நிற்கும் பொம்மை மாதிரி இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.]

இரண்டாம் முயற்சி:

‘தன் மகள் ஒரு முரசுக் கம்பெனியில் வேலை பார்ப்பதாக நூர் முகம்மது வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.’

இது நிற்கும். நடந்ததும் இதுதான். மகள் அஃப்சானா கல்லூரியில் சேர்ந்ததும் ‘டிரம் கோர்’ ஒன்றில் இடம் கிடைத்தது என்றாள். எழுத்தில் அது ‘கார்ப்ஸ்’. வாயில் மட்டும்தான் ‘கோர்’. லக்கேஜ் கடை நடத்தும் நூர் முகம்மது காகிதத்தைப் பார்த்து அதை ‘கார்ப்பரேஷன்’ என்று விரித்துக்கொண்டார். கடைசியில் ஒரு எஸ் அதிகமாக இருந்தது. கம்பெனிக்குக் கிளைகள் பல என்று வைத்துக்கொண்டார்.

“மக டிரம் கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்றா. சம்மர்ல ஊர் ஊரா அனுப்புறாங்க. சேல்ஸ் மாதிரி.”

சேல்ஸ் இல்லை. பித்தளைக் குழல்களும் முரசுகளும் கொடிகளுமாக ஒரு பெரிய இளைஞர் குழு. கோடை முழுதும் பஸ்ஸில் சுற்றி, ஃபுட்பால் மைதானங்களில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும். மற்ற குழுக்களோடு போட்டி, நடுவர், மதிப்பெண் எல்லாம் உண்டு. இருபத்தொரு வயதைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ‘ஏஜ் அவுட்’ என்று பெயர். அஃப்சானாவுக்கு 2002தான் கடைசிக் கோடை. வீட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வாசிக்கப்போவது ஒரே ஒரு நாள். ஷம்சாத் மகளின் ஆட்டத்தை அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இதை விட்டால் இனி எப்போதும் இல்லை.

இந்தக் கதையில் விலையுள்ள பொருள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் சுற்றித் தரும் காகிதம்.

3

(கட்டுரை மாதிரி கொஞ்சம். அவசரக்காரர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

இரட்டைக் கோபுரங்கள் விழுந்த முந்தின செப்டம்பருக்குப் பிறகு வந்த முதல் கோடை அது. அந்த வருடம் நான் பார்த்த குழு எதுவும் கொடியில்லாமல் மைதானத்தைவிட்டுப் போகவில்லை. சில நிகழ்ச்சிகள் இன்னும் மனத்தில் நிற்கின்றன; சில அன்றைக்கே உதிர்ந்துவிட்டன. வித்தியாசம் என்ன என்று யோசித்திருக்கிறேன். உதிர்ந்தவை உச்சத்தைச் சத்தத்தில் வைத்தவை. நின்றவை கொடி வரும் நேரத்தில் சத்தத்தைக் குறைத்தவை. குழல்கள் ஓய்ந்துவிடும். முரசு மட்டும், பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல, தாழ்ந்து உருளும். கூட்டம் தானாக எழும்.

எங்கள் கடைத்தெருவில் நல்ல விற்பனையாளர் பட்டுப்புடவையை உதறி விரிக்கும்போது வாய் திறக்கமாட்டார். மடிப்பு கலையும் அந்தக் கணத்தில் வாங்குபவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். தந்திரம் தெரிந்தவன் நான். தெரிந்திருந்தும் டி.வி.யில் பார்த்து அழுதிருக்கிறேன். அழுதபிறகு, யாருக்காக அழுதேன் என்று—

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இருக்கட்டும்.]

4

நூர் முகம்மதுவை எப்படி எழுதுவது?

கோழை என்று எழுதிப் பார்த்தேன். வசதியாகத்தான் இருந்தது. செப்டம்பருக்குப் பிறகு கடைக் கதவில் ஒரு அமெரிக்கக் கொடி, கார் ஆன்டெனாவில் ஒன்று, தபால் பெட்டியில் ஒன்று. “நம்ம வீட்டைப் பாத்தா எம்பஸின்னு விசா கேட்டு வந்துடுவாங்க” என்று ஷம்சாத் சிரித்திருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. பல வருடமாக அவரிடம் பெட்டி வாங்கிவந்த ஒரு வாடிக்கையாளர், அந்தக் குளிர்காலத்தில் புதிதாக, “நீ எந்த ஊர்?” என்று கேட்டிருந்தார். கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பெட்டியும் வாங்கினார். ஆனால் இவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

கோழை என்ற வார்த்தையை அடித்துவிட்டேன். பயந்தவர் வேறு, கோழை வேறு.

ஷோவுக்குப் போவதா வேண்டாமா என்று சமையலறையில் நடந்தது இது:

“கூட்டம் வாணாம் புள்ள. காலம் சரியில்ல.”

“எம்மகளோட கடைசி ஷோ.”

“வீடியோ தருவாங்க. வீட்ல உக்காந்து பாரு.”

“நாளைக்கி அவ கல்யாணத்தையும் நீங்க வீடியோல பாத்துக்கிறீங்களா?”

பதில் இல்லாத வியாபாரி நிபந்தனை போடுவார்.

“சரி, போவோம். மேல் வரிசை. தமிழ்ல சத்தமா பேசக்கூடாது. கொடி வந்தா எந்திரிச்சு நெஞ்சுல கை வைக்கணும். அப்புறம்...”

“அப்புறம்?”

“முக்காடு வாணாம்.”

ஷம்சாத் அடுப்பை அணைத்தாள். “துப்பட்டா கழுத்துல கிடக்கும். அதுவும் ஆவாதுன்னா என்னைய இங்கேயே வுட்டுட்டுப் போங்க.”

“கழுத்துல கிடக்கட்டும். தலைக்கு ஏறக்கூடாது.”

பேரம் முடிந்தது. இந்த நிபந்தனையை அஃப்சானாவிடம் யாரும் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

5

மேல் வரிசை. கீழே முரசுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சீருடை, இறகு வைத்த ஒரே தொப்பி.

“எதுங்க நம்ம புள்ள?”

“இங்கிலீஷ்ல கேளு.”

“விச் ஒன் நம்ம புள்ள?”

அவருக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சி பாதிக்குமேல் போய்விட்டது. ஷம்சாத் எந்தத் தொப்பியைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாத் தொப்பியையும் பார்த்தாள்.

குழல்கள் ஓய்ந்தன. முரசு தாழ்ந்தது. மைதானத்தின் நடுவிலிருந்து கொடி எழுந்தது. பலர் கம்புகளால் தாங்க, மெதுவாக, பாதி மைதானத்தை மறைத்துக்கொண்டு. அரங்கம் எழுந்து நெஞ்சில் கை வைத்தது. நூர் முகம்மது எல்லோருக்கும் முன்னால் எழுந்து வைத்தார்.

நாகூர் தர்காவில் கந்தூரித் திருவிழாவுக்குக் கொடி ஏறும்போதும் முரசு அதிரும். கொடி மினாரா ஏறுகையில் கீழே நிற்கும் பெண்கள் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்பார்கள். முரசுக்கு நடுவே உயரும் கொடிக்கு ஷம்சாத்தின் கைகளுக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். அவை அவளைக் கேட்கவில்லை. வெள்ளைத் துப்பட்டா தலைக்கு ஏறியது. உள்ளங்கைகள் விரிந்தன. உதடு அசைந்தது.

முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் இன்னொருவரின் தோளைத் தட்டினார். பின்னால் பழைய ராணுவத் தொப்பியோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

நூர் முகம்மதுவின் கை நெஞ்சிலிருந்து விலகியது.

6

இங்கிருந்து எனக்கு இரண்டு முடிவுகள் வந்திருக்கின்றன.

அவர் சொன்னது: “அவ கையைப் புடிச்சு எறக்கினேன் நானா. அழுத்திப் புடிச்சு எறக்கினேன். பின்னாடி அந்த ஆளு நிக்கிறான். வேற என்ன செய்ய?”

அவள் சொன்னது: “பொய். அவரும் எம்பக்கத்துல கையேந்தினாரு. நான் பாத்தேன். அந்தத் தாத்தா தொப்பியைக் கழட்டினாரு.”

“தொப்பியை அவன் கொடிக்காக முன்னாடியே கழட்டிட்டான்” என்கிறார் நூர் முகம்மது.

அவர் சொல்வதில் அவர் சிறியவர். அவள் சொல்வதில் அவர் பெரியவர். என் அனுபவத்தில் தன் சரக்கைத் தானே மட்டம் என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. அதனால் அவரை நம்பத் தோன்றுகிறது. அடுத்தவர் சரக்கை இத்தனை வருடமாக உயர்த்திச் சொல்லும் ஆளையும் பார்த்ததில்லை. அதனால் அவளையும்.

பிளசன்டனில் இருக்கும் அஃப்சானாவைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்டேன். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

“அங்கிள், ஐ குடுன்ட் ஃபைண்ட் ஹெர்!” ஷோ முழுவதும், கண்ணை அசைக்கக்கூடாத வரிசையில் நின்றபடி, அவள் மேல் வரிசைகளில் ஒரு முக்காட்டைத் தேடியிருக்கிறாள். முக்காடு இல்லாத உம்மாவை, அதாவது அம்மாவை, அவளுக்குத் தூரத்திலிருந்து அடையாளம் தெரியாது. வரவில்லை என்றே முடிவுகட்டிவிட்டாள். கொடி எழுந்தது. அதன் விளிம்புக்கு மேலே, எங்கோ உச்சியில், ஒரு வெள்ளைத் துணி தலைக்கு ஏறியது.

“அண்ட் ஐ மிஸ்ட் எ ஸ்ட்ரோக்.” ஒரு அடி விட்டுவிட்டாள். அன்று அவர்கள் குழு இரண்டாவதாக வந்தது.

“அந்த ஒரு அடியாலயாம்மா?”

“நோ அங்கிள்.” பிறகு, “மேபி.”

“வாப்பா கை எறங்கிச்சா, ஏறிச்சா? அதைப் பாத்தியா?”

“ஐ வாஸ் லுக்கிங் அட் உம்மா.”

போட்டியில் நடுவர் ஒருவர் முரசுக்காரர்களுக்கு அருகிலேயே நடந்து, கேட்ட குறைகளை ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்வார். அந்த நாடாவை அஃப்சானா வைத்திருக்கிறாள். போனில் ஓடவிட்டாள். தாழ்ந்த முரசு. சீராக, மிகச் சீராக. திடீரென்று அதில் ஊசிமுனை அளவு ஓட்டை. உடனே நடுவரின் குரல், ஆங்கிலத்தில், சற்று வியப்போடு. தமிழில் இப்படித் தருகிறேன்: ‘அங்கே ஒரு கை கீழே வரவில்லை.’

அவர் முரசைத்தான் சொன்னார். மேல் வரிசைக்கு அவர் முதுகைக் காட்டி நின்றார்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் விரித்துப் போட்டுவிட்டேன். மடித்து வைப்பது என் வேலை இல்லை. நூர் முகம்மதுவின் கை நெஞ்சை விட்டுவிட்டது. மனைவியின் கையை இன்னும் தொடவில்லை. முரசு உருண்டுகொண்டிருக்கிறது. நீங்கள் அதே மேல் வரிசையில், அவருக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.