அறுபத்தோராம் பக்கத்துத் துணி

ஸ்கொட்லாந்துக்கு நான் போனதில்லை. ஆனால் 1974 தொடக்கம் மூன்று வருஷமாக மெல்பேர்ணில் இருந்துகொண்டு அதைத்தான் சில்லறையாக விற்றேன். ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒரு சந்துக்குள், சப்பாத்துத் தைப்பவன் கடைக்கு மேல்மாடியில், ஒரு பழைய புத்தகக் கடை. முதலாளி மிஸிஸ் டலக். எழுபது வயது, இடுப்பெலும்பு தேய்ந்த மனுஷி; இருபது வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். கடையில் அந்த நாட்டைப் பற்றிய புத்தகத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

நான் கொழும்பு இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பேரச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். இந்த ஊரில் பேரமே இல்லை. விலையைப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், வாங்குவார்கள் அல்லது போவார்கள். நான் இங்கே கண்ட ஒரே தள்ளுபடி என் பெயருக்குக் கிடைத்ததுதான். விக்னராஜா என்று சொன்ன முதல் நாளே, மறுபேச்சில்லாமல் முக்கால்வாசியைக் கழித்து ‘விக்’ என்று ஆக்கிவிட்டார்கள்.

சரக்கு பலவிதம். யுத்தங்கள் மட்டும் மூன்று தட்டு. தோற்ற யுத்தத்துக்குத்தான் புத்தகம் அதிகம், வென்றதை எழுத யாருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை. குடியானவர்களைத் துரத்திவிட்டு அந்த நிலத்தில் செம்மறியாடு வளர்த்த கதைக்கு ஒரு தட்டு. கிளாஸ்கோ கப்பல் பட்டறைக்காரர்களின் நினைவுகள், மீன்பிடிகாரர் பாட்டுகள், பிரசங்கங்கள், ஓட்ஸ் கஞ்சியை முப்பது விதமாகக் காய்ச்சச் சொல்லித்தரும் குசினிப் புத்தகம். பழைய மலைநாட்டுப் பாஷைக்கு அகராதி நாலு. அதை உச்சரிக்கத் தெரிந்த ஒருவரும் அந்தப் படியேறி வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சரித்திரம், ஒரு கோட்டை, டார்ட்டன் என்று ஒரு கட்டம் போட்ட கம்பளித் துணி. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் யார் எந்த வீடு என்று சொல்வார்களாம்.

வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். வந்து தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, தாங்கள் யாரென்று என்னிடம் கேட்பார்கள். நான் தட்டைக் காட்டுவேன். போகும்போது, நீர் எவ்விடம் என்று என்னைக் கேட்பார்கள். அவர்களுடைய விடைக்குப் பதினாறு தட்டு இருந்தது. என்னுடையதை அவர்கள் குடையை விரிக்கிறதற்குள் சொல்லி முடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. கிளென் வேவர்லி ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போவேன், பக்கத்துக் கதிரையில் இருக்கிறவனும் கேட்டுவிடுவானோ என்று.

எழுபத்தேழாம் வருஷம் அலுப்பு கூடிவிட்டது. ஓகஸ்டில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில், கொழும்பு இரண்டாம் குறுக்குத் தெருவில் இருந்த அண்ணனின் கடை எரிந்துபோனது. தானும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்கிறோம், கடை இல்லை என்று இரண்டு வரியில் எழுதியிருந்தார். என் மனைவி ரஞ்சினி கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். நான் அடுத்த நாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போய், தோற்ற யுத்தங்களைத் தூசு தட்டினேன்.

மிஸ்டர் மக்காரிக் புதன்கிழமைக்காரர். ஓய்வுபெற்ற டிராம் இன்ஸ்பெக்டர், ஃபுட்ஸ்கிரேயில் பிறந்தவர், டிராம் போகாத இடத்துக்கு அதிகம் போகாதவர். இரண்டு வருஷமாகப் பதினொரு மணிக்கு வருவார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மக்காரிக் என்ற பெயருக்கு ஒரு டார்ட்டன்.

காரணம் இதுதான். புதுவருஷத்தன்று, வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு சிறு பட்டணத்தில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் கூடுவார்கள். குலம் குலமாக, முன்னால் பெயர்ப்பலகை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். பலகை வேண்டுமென்றால் உன் டார்ட்டன் ஏதாவது புத்தகத்தில் இருக்கவேண்டும். அது சங்கத்தின் விதி. மக்காரிக் ஒரு புத்தகத்திலும் இல்லை. எந்தப் பெரிய குலத்துக்கும் சேராத, யாரும் எழுதிவைக்கத் தேவையில்லாத சின்னக் குடும்பம். ஒவ்வொரு வருஷமும் அவர் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிவிட்டு வருவார். இனி அதுவும் இல்லை. பெப்ரவரியில் முழங்காலில் ஒப்பரேஷன். அதற்குப் பிறகு கால் மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தன் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை நடக்கவேண்டும். வருகிற புதுவருஷம் தவறினால் தவறியதுதான்.

இதை அவர் சொன்னது மிஸிஸ் டலக்கிடம். நான் ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை நான் படியேறி வந்தபோது, மிஸிஸ் டலக் ஏற்கெனவே மக்காரிக்குக்கு டெலிபோன் பண்ணியிருந்தார். அவருடைய துணி கிடைத்துவிட்டதாம். டார்ட்டன் மாதிரித் துண்டுகள் ஒட்டிய புத்தகத்தை எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார்.

அந்தப் புத்தகம் எனக்குத் தெரியும். ஜூன் மாதம் செத்துப்போன ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னே ஏதோ நெசவுக்காரன் அச்சடித்தது. பக்கத்துக்கு ஒரு துண்டாக உண்மையான துணியை ஒட்டியிருந்தான். எங்கள் கடையில் ஒரு வழக்கம்: வருகிற புத்தகத்தைத் தாள் தாளாகப் பார்த்து, என்ன குறையோ அதை முன்னட்டைக்கு உள்ளே பென்சிலால் எழுதவேண்டும். குறையை ஒளித்து மிஸிஸ் டலக் ஒரு புத்தகமும் விற்றதில்லை. அதில் நான் என் கையால் எழுதியிருந்தேன்: அறுபத்தோராம் பக்கத்தில் துணியும் பெயர்ச்சீட்டும் உதிர்ந்துவிட்டன.

முன்னட்டையைத் திறந்தேன். பென்சில் எழுத்தை யாரோ ரப்பரால் அழித்திருந்தார்கள்.

அறுபத்தோராம் பக்கத்தில் துணி இருந்தது. கீழே மண்ணிற மையில், பழைய பாணிக் கையெழுத்தில், மக்காரிக் என்று எழுதியிருந்தது. சிவப்பும் பச்சையுமான கட்டம், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. அழகான கட்டம். விரலை வைத்தேன். வைத்ததும் தெரிந்துபோனது. மற்றதெல்லாம் கம்பளி, இது பருத்தி. மதராஸ் கட்டம். கையில் வைத்து இழை எண்ணத் தேவையில்லை. எனக்கு அது பழக்கம். அது என் சாரம்.

விஷயம் இவ்வளவுதான். ரஞ்சினி, நான் வீட்டில் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றை நாலாகக் கிழித்து, கடையில் தூசு துடைக்கத் தந்திருந்தாள். மூன்று துண்டு போய்விட்டது. நாலாவது ஏணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் நேர்த்தியாக ஒரு சதுரம் வெட்டியிருந்தது. நிறம் மங்காத, நைந்துபோகாத இடமாகத் தேடி வெட்டியிருந்தார். முப்பது வருஷக் கடைக்காரியின் கண்.

ஸ்கொட்லாந்தில் பிறந்த மனுஷி, என் சாரத்தை வெட்டி ஒரு ஸ்கொட்லாந்துக் குலத்தை உண்டாக்கியிருக்கிறார். சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. சிரிப்பு வரவில்லை.

எல்லாம் கம்பளியாக இருக்க இது மட்டும் பருத்தியாக இருக்கிறதே என்றேன். அவன் டிராம்காரன், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தப் புத்தகத்தில் இருக்கிறதில் பாதியை, விக், யாரோ ஒரு கடைக்காரன் கத்தரிக்கோலோடு குந்தியிருந்துதான் உண்டாக்கினான். துணி விற்கவேண்டும், பெயர் வைத்தான். நான் நூறு வருஷம் பிந்தி வந்தேன். அவ்வளவுதான்.”

“அழித்த பென்சில்?”

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார்.

மக்காரிக் படியேறுகிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு படி, ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு வருவார். அன்றைக்குக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பக்கத்தைக் காட்டினேன். கனநேரம் தொடாமல் பார்த்தார். பிறகு உள்ளங்கையைத் தன் மேல்கோட்டில் துடைத்துவிட்டு, ஒரு விரலால் தடவினார்.

எங்கள் அப்பா கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். சரக்கைப் பற்றி நீயாக வாய் திறக்காதே, வாங்குகிறவனின் கை பேசட்டும். ஆனால் அவன் நேரே கேட்டால் பொய் சொல்லாதே. துணியில் சொன்ன பொய் முதல் சலவையோடு கடை வாசலுக்குத் திரும்பி வந்துவிடும் என்பார். நான் வாய் திறக்கவில்லை.

“பருத்தி,” என்றார் மக்காரிக்.

அவரே தொடர்ந்தார். தன்னுடைய ஆட்கள் ஏழைகள், கம்பளி கட்டுப்படியாகியிருக்காது. அல்லது முதலிலேயே வெப்பமான எங்கேயாவது போயிருப்பார்கள், பட்டாளத்தில், கப்பலில். அப்படியென்றால் பருத்திதானே சரி. இப்படியே ஒரு சரித்திரம் அவர் வாயில் வளர்ந்துகொண்டு போனது. வாங்குகிறவனே சரக்குக்காக வழக்குப் பேசத் தொடங்கினால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். துணியைச் சுற்றிக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி.

அப்போது என் பக்கம் திரும்பினார்.

“விக், நீர் துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று சொன்னீரே. நீர் சொல்லும். இது என்னுடையதா?”

மிஸிஸ் டலக் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம், உம்முடையதுதான் என்று சொன்னால் போதும்; அந்த மனுஷன் ஜனவரியில் பலகைக்குப் பின்னால் நடப்பார். சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது நேர்க் கேள்வி. அதோடு, எல்லாருக்கும் ஒரு ஊரை எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

“இது சாரம், மிஸ்டர் மக்காரிக். என்னுடையது.”

தூசுத் துணியைக் கொண்டுவந்து பக்கத்தின் மேல் விரித்தேன். மஞ்சள் கோடு மஞ்சள் கோட்டோடு போய்ச் சேர்ந்தது.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கோபிக்கவில்லை. மிஸிஸ் டலக்கை ஒரு தடவை பார்த்தார். யார் வெட்டியது என்று அவருக்கு விளங்கிவிட்டது. நாற்பது வருஷம் டிக்கெட் இல்லாதவர்களின் முகத்தைப் பார்த்த மனுஷன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, என்னிடம்தான் பேசினார்.

“எத்தனை வருஷம் கட்டினீர்?”

“எட்டு.”

“கட்டலாமா என்று எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்?”

“ஒன்றிலும் பார்க்கவில்லை. அண்ணன் கடையில் எடுத்தேன். கட்டினேன்.”

“அந்தக் கடை இருக்கிறதா?”

“இல்லை.”

எந்தக் கடை, எவ்விடம், ஏன் என்று அவர் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில், மேலே கேட்காமல் விட்ட முதல் ஆள். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“மழை பெய்தால் சாயம் போகுமா?”

“போகவேண்டியதெல்லாம் போய்விட்டது. இனிப் போகாது.”

அப்படியென்றால் இதைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். தூசுத் துணியை.

அன்று பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னபோது ரஞ்சினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “விசரோ உங்களுக்கு? தூசு துடைச்ச துணியைக் கொண்டுபோய் ஒரு மனுசன்ரை தோளிலை போடுறதோ?” என்றாள். அலுமாரியில் புதுச் சாரம் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுங்கள் என்றாள். அவருக்கு இதுதான் வேண்டுமாம் என்றேன். திட்டிக்கொண்டே ஊறவைத்தாள். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் ஸ்திரி போட்டு, வெட்டின மூலையை உள்ளே மடித்துத் தைத்துத் தந்தாள்.

அடுத்த நாள் மிஸிஸ் டலக் ஒட்டுத் துண்டை ஈரப் பஞ்சால் நனைத்து உரித்துவைத்திருந்தார். பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் அறுபத்தோராம் பக்கத்துக் குறையைத் திரும்ப எழுதினேன். மண்ணிற மை மட்டும் போகவில்லை. அதையும் எழுதச் சொன்னார். “பிற்காலத்தில் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள்” என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அந்தச் சின்னச் சதுரத்தை அவர் எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

புதுவருஷத்தன்று நல்ல வெயில். நானும் ரஞ்சினியும் காலை ரயிலில் போனோம். பதிவு மேசையில் சங்கத்துச் செயலாளர் வழக்கம்போல, எந்தப் புத்தகம் என்று கேட்டாராம். புத்தகம் கிடையாது, இது ஒரு சிநேகிதருடைய துணி என்று மக்காரிக் சொல்லியிருக்கிறார். பலகை கொடுக்கவில்லை. விதி விதிதான். குலம் இல்லாதவர்கள், பெண் எடுத்தவர்கள், சும்மா வந்தவர்கள் என்று கடைசியில் ஒரு கூட்டம் போகும், அதில் சேர்த்துவிட்டார்கள். பைப் வாத்தியங்கள் தாண்டி, பதினேழு பலகை தாண்டி, குதிரைச் சாணத்தை ஒதுக்கிக்கொண்டு அந்தக் கூட்டம் வந்தது. மக்காரிக் சாம்பல் நிறக் காற்சட்டையோடு, இடது தோளில் என் சாரத்தைக் குத்திக்கொண்டு வந்தார். நல்ல காலை முதலில் வைத்தார், மற்றதை இழுத்தார். பாதித் தூரத்தில் நின்றார். பக்கத்தில் வந்தவர் கைகொடுக்கப் போக, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்ப நடந்தார். எங்களைக் கண்டு கையைத் தூக்கவில்லை. நடையைக் குழப்பிக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை.

கயிற்றோரம் எனக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவி நின்றாள். கையில் நிகழ்ச்சிநிரல். இந்தக் கட்டத்தைத் தான் எங்கேயும் பார்த்ததில்லையே, யாருடையது என்று கேட்டாள்.

“மக்காரிக்,” என்றேன்.

எவ்விடத்து ஆட்கள் என்றாள். எனக்கு வெயில் தாங்கவில்லை. முழுக் கதையையும் சொல்ல ஜீவனில்லை.

“இரண்டாம் குறுக்குத் தெரு.”

அதைப் பற்றி எப்போதோ வாசித்தவள் மாதிரித் தலையை ஆட்டினாள். பிறகு பைக்குள் பென்சிலைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டச் சொல்லி, மக்காரிக் என்ற பெயரை நிகழ்ச்சிநிரலின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். கீழே தெருவின் பெயரையும் எழுதினாள். ரஞ்சினி என்னைப் பார்த்தாள். நான் மக்காரிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஐம்பது மீற்றர் தூரம் அவருக்கு மிச்சம் இருந்தது.