மறுத்தவர்கள் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நியூ லின் என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டில், கிருசாந்தி மூன்றாவது கோப்பைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பை காலியானால் சமீரா கேட்காமலே ஊற்றிவிடுவாள்.

கிருசாந்தி பன்னிரண்டு வருடம் வார்டில் தாதியாக இருந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். அரபுக் குடும்பத்துப் பெண்கள் ஏன் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. நாற்பது பேரைச் சந்திக்க வேண்டும். ஈராக்கிலிருந்து வந்து ஆறு வருடமான சமீரா பத்தொன்பதாவது ஆள்.

மொழிபெயர்ப்பாளர் ஃபோனில் ஸ்பீக்கரில் இருந்தார். தான் நர்ஸாக இருந்தவள் என்று கிருசாந்தி முதலிலேயே சொல்லியிருந்தாள். கிளினிக்கில் தன் பெயரை எப்படியெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று சமீரா நடித்துக்காட்டினாள். மூவரும் சிரித்தார்கள். பிறகு கிருசாந்தி சம்மதப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அரபியில் ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

சமீரா படிவத்தைத் தொடவில்லை. அவளுடைய அண்ணன் ஒருமுறை அதிகாரிகள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டானாம். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள் என்றாள்.

கிருசாந்திக்கு இது புரியாத பயமில்லை. அவளுடைய அப்பா இராசநாயகத்திடம் போர்க்காலத்தில் ராணுவ முகாமில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் பார்சல்காரனுக்குக் கையெழுத்துப் போட அவர் கதவைத் திறப்பதில்லை. மகள்தான் போவாள். கையெழுத்தில்லாமல் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. வாய்ச்சொல்லே சம்மதமாகப் போதும் என்று, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்கவும் வழி இருந்தது. மாதக்கணக்கில் இழுப்பார்கள் என்று தானே முடிவுசெய்து, அவள் எழுதவே இல்லை. ஜூனுக்குள் நாற்பது பேர் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். சமீராவிடம் தன் கார்டைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வாசலில் சமீரா அவள் கையைப் பிடித்தாள். தன் இடது அக்குளைத் தொட்டுக் காட்டி, "பெயின்" என்றாள். அவளுக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று.

அந்த இடத்தில் வலி என்றால் எதைத் தேட வேண்டும் என்று எந்தத் தாதிக்கும் தெரியும். ஆனால் கிருசாந்தி அன்று ஆய்வாளராக வந்திருந்தாள். ஆய்வுக்குப் போன வீட்டில் நோய் பார்க்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே தாமதம். டாக்டரிடம் போங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணித்தாள். அதுவும் ஆங்கிலம்தான். காருக்குள் உட்கார்ந்து பட்டியலில் எழுதினாள்: பங்கேற்க மறுத்தார்.

ஐந்து மாதம் கழித்து, புற்றுநோய் வார்டில் வேலை செய்யும் பழைய தோழி கஜந்தினி ஃபோன் செய்தாள்.

"உன்ர கார்டை வச்சுக்கொண்டு ஒரு ஈராக் மனிசி உன்னைக் கேக்கிறா. எல்லா இடமும் பரவின பிறகுதான் வந்திருக்கிறா. வழமைதானே. உதுகளுக்கு எத்தினை தரம் சொன்னாலும் ஏறாது."

கிருசாந்தி போனாள். சமீரா பாதியாகியிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் இந்த முறை நேரில் இருந்தார். திட்டுவாள் என்று நினைத்துத்தான் கிருசாந்தி கட்டிலருகே நின்றாள். சமீரா திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி முதலில் உட்காரச் சொன்னாள்.

"நீங்கள் நர்ஸ் என்று சொன்னீர்கள். அதனால் உங்களிடம் காட்டினேன். நீங்கள் பயப்படவில்லை. அதனால் நானும் பயப்படவில்லை."

அன்று மாலையே கிருசாந்தி நெறிமுறைக் குழுவுக்கு எழுதினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நான்கு வரி. வாய்ச்சொல் போதும், அனுமதிக்கிறோம். ஒன்பது நாள் வேலைக்குத்தான் அவள் ஐந்து மாதம் பயந்திருந்தாள். அதற்குள் சமீராவை, இனி மருந்தில்லை, வலியை மட்டும் குறைப்போம் என்கிற இடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

அந்தச் செய்தியைச் சொல்ல அழைத்த கஜந்தினி, ஆறுதலாகவும் ஏதோ சொல்லப் பார்த்தாள். "நீ ஏனப்பா மனசைப் போட்டு உடைக்கிறாய்? அவதானே மறுத்தவ. உன்ர பேப்பரில அப்பிடித்தானே கிடக்கு?"

கிருசாந்தியின் முன்னால் பட்டியல் திறந்திருந்தது. மறுத்தார் என்று பதினொரு பேர்.

"பேப்பரில எழுதினது நான். அவ மறுக்கேல்ல, கஜந்தினி. தேத்தண்ணி ஊத்தி வச்சுக்கொண்டு சொல்லத்தான் இருந்தவ. கேக்க மறுத்தது நான். இந்தச் சனம் ஏன் பிந்தி வருது எண்டு ஆராயக் காசு தருகினம். சனம் பிந்தி வரேல்ல. நேரத்துக்கு வந்து எங்கட கையைப் பிடிக்குது. நாங்கள்தான் முதல்ல கையெழுத்தைப் போடு எண்டு நிக்கிறம்."