சின்ன சைஸுக்குப் பாக்கெட் இல்லை

பெரிய கடைக்காகத் துணி வாங்கும் மேடம் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி பத்தே கால். தையல்காரிகள் பதினான்கு பேரும் அக்கா என்று கூப்பிடும் டிசைனர், கம்பியில் தொங்கிய ஐந்து மாதிரிச் சட்டைகளையும் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தாள். சின்ன சைஸின் இரண்டு பக்கமும் துழாவினாள். பாக்கெட் இல்லை.

ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்றில்லாமல் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் சட்டை அது. மூன்று வருடம் முதலாளியின் காதில் ஓதி ஓதி வாங்கிய அனுமதி. "இந்த ஆர்டர் வரலைன்னா உங்க பிரிவையே மூடிடுவேன்" என்று அவரும் கறாராகச் சொல்லிவிட்டார். பதினான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மாஸ்டர், சின்ன சைஸ்னா பொம்பளைதான், அவளுக்கு எதுக்கு பாக்கெட்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

கட்டிங் மாஸ்டர் மல்லுக்கு நிற்கவில்லை. உள்ளே போய் அளவு அட்டைகளை எடுத்துவந்து மேஜையில் பரப்பினார். "நீங்க குடுத்ததைத்தான் வெட்டினேன்மா."

பெரிய சைஸ் அட்டைகள் மூன்றிலும் பாக்கெட்டுக்கு அடையாளம் இருந்தது. சின்ன சைஸ் இரண்டிலும் இல்லை. கோடு அவள் போட்டதுதான். அவசரத்தில் பழைய லேடீஸ் அட்டையை அடியில் வைத்து வரைந்திருக்கிறாள். பதினெட்டு வருடப் பழக்கம், கை தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. இத்தனை நாள் எல்லோருக்கும் பாடம் எடுத்தவளும் அவளேதான்.

"இப்பவாவது வச்சுத் தைச்சிடலாமா?"

"துணி இல்லம்மா. மிச்சத்தை நேத்தே கழிவு வண்டியில ஏத்திட்டாங்க."

மேடம் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். நேராகச் சின்ன சைஸை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கையில் ஃபோன், மறு கையில் கார் சாவி. இரண்டையும் கைக்குக் கை மாற்றிக்கொண்டே பட்டன் போட்டு முடித்தார். அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், இதுல பாக்கெட் விட்டுப்போச்சு. என் தப்புதான். ரெண்டு நாள் குடுங்க, வச்சுத் தர்றேன்."

"வேணாம், வேணாம். வச்சா இடுப்புல உப்பும். பெருசுக்கு இருக்கட்டும், சின்னதுக்கு இதான் அழகு. ஒரு நூல்கூட மாத்தாதீங்க."

"அப்போ இது எல்லாருக்கும் ஒரே சட்டை இல்லையே மேடம்."

மேடம் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். "ஆர்டர் வேணுமா, வேணாமா?"

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பதினான்கு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது.

"வேணும் மேடம்."

மேடம் ஐந்து சட்டைகளிலும் முத்திரைச் சீட்டைக் கோத்தார். சீட்டு ஏறிவிட்டால் அப்புறம் மாதிரியில் கைவைக்க முடியாது. ஆறாயிரம் சட்டையும் அப்படியே வரவேண்டும். டிசைனர் கையெழுத்து என்ற இடத்தை மேடம் விரலால் காட்டினார்.

அக்கா பேனா தேடினாள். மாஸ்டர் தன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினார். ஐந்து சீட்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்களே வச்சுக்கங்கம்மா, இன்னும் நிறைய கையெழுத்து இருக்கும்" என்றார் அவர்.

"எங்க வைக்கிறது மாஸ்டர்?" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.