மறைத்து வைத்த பத்தொன்பது பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முதுகில் பை மாட்டிய ஓர் இளைஞர் கவுண்டரில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அதைப் பார்த்ததும் மிசாவோ துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் தோளில் தபால் பையோடு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தாள். 'ஆற்றோரத் தபால்காரி'. விற்பனைக்கு வந்து ஐந்தே நாளான வீடியோ கேம்.

"இதைக் குடுத்துடலாம்னு வந்தேங்க."

"ஏன், பிடிக்கலையா?" கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மிசாவோவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"ஐயோ, அருமையா இருந்துச்சு. லீவு போட்டு உக்காந்து மூணே நாள்ல முடிச்சேன். முடிச்சாச்சுல்ல, இனி வெச்சு என்ன செய்ய? வியாழக்கிழமை வேற ஒண்ணு வருது. அதைப் புதுசா வாங்கணும்."

மிசாவோ டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பணத்தைக் கொடுத்து, 'பழையது, 4,480 யென்' என்று சீட்டெழுதி ஒட்டி, அலமாரியில் புதிய பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். புதியது 6,200 யென். உள்ளே இருப்பது என்னவோ ஒன்றுதான்.

அந்த விளையாட்டில் பெய்யும் மழை முழுவதும் அவள் கணவன் குனிஹிகோ செய்தது. தூறல், சாரல், தகரக் கூரை மேல் விழும் மழை, ஆற்று நீரில் வட்டம் போடும் மழை என்று ஏழு வகை. பதினாலே பேர் வேலை செய்யும் நிறுவனம். மூன்று வருட உழைப்பு. நகோயா நகரத்து ஓசுக் கடைவீதியில், பழைய கேம்களை வாங்கி விற்கும் இந்தக் கடையில்தான் மிசாவோவுக்கு வேலை. தன் கணவன் கேம் செய்கிறவன் என்பதை அவள் கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மதியம் குனிஹிகோ வந்தான். தான் செய்த பொருள் கடையில் இருக்கும் கோலத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை இருக்குமே. சிரித்த முகத்தோடு அலமாரியிடம் போனவன் முகத்தில், திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. கடைக்கு எதிரே நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"பழசு நாலு இருக்கு. நாலு சீட்டுலயும் உன் கையெழுத்து."

"அது என் வேலை குனி."

"தெரியும். ஆனா பத்து நாள்கூட ஆகலை, அதுக்குள்ள செகண்ட் ஹேண்டா? ஒரு தடவை புதுசா வித்தா எங்களுக்கு ஏதோ வரும். அதே டிஸ்க் அப்புறம் பத்து கை மாறினாலும் எங்களுக்கு ஒரு யென் கிடையாது. அந்தப் பத்துப் பேரும் விளையாடுவாங்க, கணக்குல ஒரே ஒருத்தர்தான்."

"சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லையே. பழைய கேமை விக்கலாம்னு கோர்ட்டே சொல்லியாச்சு."

"நான் சட்டத்தைப் பத்தியா பேசறேன்? முதல் மாசம் நாப்பதாயிரம் டிஸ்க் போகலைன்னா அடுத்த கேம் கிடையாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு. ஆளைக் குறைப்பாங்க. நீ அந்தப் பக்கம் நின்னு எங்க அடிமடியிலயே கை வைக்கற."

மிசாவோ குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "மூணு வருஷம் உன் சம்பளம் பாதிப் பாதியா வந்துச்சே, அப்ப வீட்டு வாடகை எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு நினைச்சுப் பாத்தியா?"

சொன்ன கையோடு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. குனிஹிகோ நூடுல்ஸைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனான்.

திங்கட்கிழமை முதல் மிசாவோ ஒரு காரியம் செய்யத் தொடங்கினாள். தபால்காரியை யார் விற்க வந்தாலும் வாங்கிக்கொண்டாள். ஆனால் அலமாரியில் வைக்கவில்லை; ஏற்கெனவே அங்கே இருந்த நாலையும் எடுத்துவிட்டாள். கவுண்டருக்குக் கீழே, ஒயர்கள் போட்டு வைக்கும் பெரிய இழுப்பறையின் அடியில் செருகினாள். கேட்டவர்களிடம் "பழசு வரலைங்க, புதுசு இருக்கு" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஒவ்வொரு முறையும் காது சூடேறியது.

அந்த வாரம் சுகியூரா அம்மாள் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, முதியோர் இல்லம் ஒன்றில் துணையாள் வேலை. சம்பளம் வந்த வாரம் தவறாமல் சைக்கிளில் வந்து ஒரே ஒரு பழைய கேம் வாங்கிப் போவார்.

"மழையில தபால் குடுக்கற கேம் ஒண்ணு வந்திருக்காமே? எங்க இல்லத்துல சமையல் பண்ற பொண்ணு சொல்லுச்சு."

"பழசு வரலைங்க. புதுசு இருக்கு."

சுகியூரா புதிய பெட்டியைக் கையில் எடுத்தார். பின்பக்கத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விலையைப் பார்த்தார். அதை எடுத்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, ஆறு வருடத்துக்கு முந்தைய மீன்பிடி விளையாட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அவரைப் போலவே மற்றவர்களும் போனார்கள். ஒருவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெறுங்கையோடு நடந்தார். இன்னொருவர் "நாலு தெரு தள்ளி இருக்கற கடையில பாத்துக்கறேன்" என்றார். ஒரே ஒருவர் மட்டும், நல்ல கம்பளிக் கோட்டு போட்டிருந்தவர், முணுமுணுத்துக்கொண்டே புதியதை வாங்கினார்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் ஹிபினோ ஏதோ ஒயரைத் தேடி இழுப்பறையைத் திறந்தார். அடியிலிருந்து தபால்காரிகள் வந்துகொண்டே இருந்தார்கள். எண்ணினார். பத்தொன்பது.

"மிசாவோ சான்," என்று வழக்கமான மரியாதையோடே அழைத்தார். "இது என்ன கூத்து?"

மறைக்க வழியில்லை. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள்.

ஹிபினோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படும்போது அவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

"சரி, மறைச்சீங்க. எத்தனை பேர் வந்து கேட்டாங்க?"

"பதினெட்டு இருபது பேர் இருப்பாங்க."

"அதுல எத்தனை பேர் புதுசு வாங்கினாங்க?"

"ஒருத்தர். கம்பளிக் கோட்டு போட்டவர்."

"மத்தவங்க?"

"வேற எதையாவது எடுத்தாங்க. இல்லைன்னா வெறுங்கையோட போயிட்டாங்க."

"அவங்ககிட்ட அந்தப் பணம் இல்லம்மா. இல்லைன்னா, பேர் தெரியாத கம்பெனிக்கு அவ்வளவு குடுக்க மனசு வரலை. முதல்ல ஒருத்தர் வந்து வித்தாரே, அந்தப் பணத்தை வெச்சு அவர் என்ன பண்ணாரு? வியாழக்கிழமை காலையில வந்து வேற ஒரு புது கேம் வாங்கினாரு. அதையும் உங்க வீட்டுக்காரர் மாதிரி யாரோ மூணு வருஷம் உக்காந்து செஞ்சிருப்பாங்க. இன்னொண்ணு கேளுங்க. புது கேம் விக்காமப் போனா கம்பெனி திருப்பி எடுத்துக்காது, நஷ்டம் என் தலையிலதான். இருந்தும் பேர் தெரியாத சின்ன கம்பெனியோடதை இருபது வாங்கி வெச்சேனே, எந்தத் தைரியத்துல? பழசு வித்து வர்ற லாபம் இருக்கேன்னுதான்."

மிசாவோ தலை குனிந்திருந்தாள். ஹிபினோ ஒரு பெட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதுக்காக நான் யோக்கியன்னு சொல்லிக்க மாட்டேன். அந்தக் கோட்டுக்காரர் மாதிரி ஆளுங்க இருக்காங்கல்ல, புதுசு வாங்க வந்தவங்க கண்ணுல படட்டும்னுதான் பழசைப் பக்கத்துலயே வைக்கச் சொன்னேன். அந்த ஒரு ஆள் விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. அது நான் அவர் பையில கை விடறதுதான்." எழுந்தார். "பத்தொன்பதையும் விலை போட்டு வைங்க. புதுசு பக்கத்துல வேண்டாம். பின்னாடி, பழசுங்க இருக்கற வரிசையில."

அன்று மாலையே மிசாவோ சுகியூரா அம்மாளுக்கு போன் செய்தாள். மறுநாள் அவர் சைக்கிளில் வந்து வாங்கிப் போனார்.

குனிஹிகோவிடமும் சொன்னாள். அவன் "எனக்காகவா பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டான். பிறகு, பல நாளுக்குப் பின், இருவருக்குமாக அரிசி கழுவினான்.

மாதம் முடிந்தது. முப்பத்தோராயிரம் விற்றிருந்தது. நிறுவனத்தில் நாலு பேருக்கு வேலை போயிற்று. குனிஹிகோவுக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து இசையமைத்தவரும் அதில் ஒருவர். பழைய கேம் கடைகள்தான் எங்களைக் கொன்றன என்று அறிக்கை விடப்போவதாக முதலாளி குதித்தார். மிகப் பெரிய நிறுவனம் ஒன்றின் கேம் வந்த அதே வாரத்தில் தங்களுடையதையும் வெளியிட்டது யார் முடிவு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. குனிஹிகோவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கேட்காததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, வேலை முடிந்து சேர்ந்து போகலாம் என்று அவன் கடைக்கு வந்திருந்தபோது, சுகியூரா அம்மாள் உள்ளே நுழைந்தார்.

"தபால்காரியை விக்க வந்தீங்களா?" என்றாள் மிசாவோ.

"விக்கறதா! நல்லாக் கேட்டீங்க போங்க. மூணாவது தீவுல ஒரு தகரக் கூரை வீடு வரும் பாருங்க, அங்க அந்தப் பொண்ணை நிறுத்தி வெச்சிட்டு நான் துணி தேய்ப்பேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்கும். வேலை முடிஞ்சு வந்தா தலைக்குள்ள நாள் பூரா கேட்ட கூச்சல் ஓடிட்டே இருக்குமா, இதைப் போட்டா அடங்கிடுது."

மிசாவோ கணவனைக் காட்டினாள். "அந்த மழை இவர் செஞ்சதுதான்."

சுகியூரா இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துக் குனிந்து வணங்கினார். குனிஹிகோ அதைவிடக் கீழே குனிந்தான். நிமிர்ந்தபோது அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க, இவ்வளவு பிடிச்சிருக்கே... புதுசா வாங்கணும்னு தோணலையா?"

"உங்களை எனக்குத் தெரியாதேப்பா," என்றார் அவர் சாதாரணமாக. "ஒரு தடவை முழு விலை குடுத்து வாங்கி, பிடிக்காமப் போயி, அந்த மாசம் பூரா வயித்தெரிச்சல். அதுல இருந்து தெரியாதவங்க செஞ்சதைப் பழசாத்தான் வாங்கிப் பாக்கறது. இப்பதான் தெரிஞ்சுபோச்சே. அடுத்தது எப்ப வரும்? இப்பவே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைக்கறேன். அதைப் புதுசா, முதல் நாளே வந்து வாங்குவேன்."

அடுத்தது வருமா என்பதே குனிஹிகோவுக்குத் தெரியாது. "செய்வோம்" என்றான். திங்கட்கிழமை நிறுவனத்துக்குப் போய், மிஞ்சிய பத்துப் பேரும் சேர்ந்து சின்னதாக ஒன்று செய்யலாம் என்று முதலாளியிடம் முதலில் பேசியவன் அவன்தான். அறிக்கை வேண்டாம் என்றும் சொன்னான். முதலாளி முகம் சுளித்தாலும், கடைசியில் சம்மதித்தார்.

மறு வாரம் கம்பளிக் கோட்டுக்காரர் மறுபடி வந்தார். கையில் இரண்டு பெட்டிகள்: ஒகாயாமாவில் இருக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்த ரயில் விளையாட்டு, போன வாரம்தான் வந்தது. ஒன்று புதியது. இன்னொன்று பின்வரிசையில் தேடி எடுத்த பழையது.

"உள்ள இருக்கறது ரெண்டுலயும் ஒண்ணுதானே?"

"ஒண்ணேதாங்க," என்றாள் மிசாவோ. "பழசு எடுத்தீங்கன்னா அந்தக் காசு எங்க கடைக்கு வரும். புதுசு எடுத்தீங்கன்னா கொஞ்சம் அதைச் செஞ்சவங்களுக்கும் போகும். சின்ன இடம், இன்னொண்ணு செய்வாங்களா மாட்டாங்களாங்கறது இந்த ஒரு மாசத்துலதான் முடிவாகும். உங்களுக்கு எது தோதோ அதை எடுங்க."

கடைக்காரியே இப்படிச் சொல்வதைக் கேட்டு அவர் விழித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழையதைக் கவுண்டர் ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதியதை நீட்டினார்.

பின்னால் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, கொஞ்சம் கூச்சத்தோடு, "அப்ப அந்தப் பழசை நான் எடுத்துக்கலாமா?" என்றாள்.

"தாராளமா எடுத்துக்கோங்க," என்றாள் மிசாவோ. கோட்டுக்காரருக்கு எவ்வளவு குனிந்து நன்றி சொன்னாளோ, அவளுக்கும் அவ்வளவே குனிந்து சொன்னாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஹிபினோ, "என் வியாபாரத்துக்கே உலை வைக்கறீங்களே" என்று சிரித்தார். "ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயமா?"

"ஒரே நியாயம்தான் ஹிபினோ சான்," என்றாள் மிசாவோ. "இல்லாதவங்க பழசு வாங்கினா யாருக்கும் ஒரு குறைச்சலும் இல்ல; நாளைக்குக் கையில காசு வந்தா தேடி வந்து புதுசே வாங்குவாங்க. காசு இருக்கறவங்க யோசிக்கணும். நமக்குப் பிடிச்சதைச் செஞ்சு குடுத்தவங்க அடுத்ததையும் செய்யணும்னா, முடிஞ்சவங்க முதல் விலையைக் குடுத்துத்தான் ஆகணும்."

பிறகு அடுத்தவரைப் பார்த்து, "வாங்க, என்ன வேணும்?" என்றாள்.